மாடத்துக்காரியின் பாட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். என் முதுகு மட்டும் தனிக்கட்சி தொடங்கியிருக்கிறது. மற்ற உறுப்புகளோடு பேச்சுவார்த்தை நடக்கிறது. உன் முழங்கால் எப்படி? அத்தானுக்கு ரத்த அழுத்தம் குறைந்ததா, அல்லது இன்னும் செய்தித்தாள் படிக்கிறாரா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். நம் பழைய தேவாலயம் நாடக அரங்கமாகி இந்த டிசம்பரோடு நாற்பது வருஷம் நிறைகிறது. அரங்கச் சங்கத்தின் தலைவர், பல் டாக்டர், அதற்கு ஒரு மலர் வெளியிட வேண்டும் என்கிறார். முதல் பக்கத்தில் அவர் படம், இரண்டாம் பக்கத்தில் அவர் வாழ்த்து, மூன்றாம் பக்கத்தில் பேய்.

சிரிக்காதே. எங்கள் பார்வையாளர்களில் பாதிப்பேர் பேய்க்காக வருகிறவர்கள். வந்த இடத்தில் வேறு வழியில்லாமல் நாடகத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மேலாளர் என்ற முறையில் பேய்ப் பக்கத்தை எழுதும் பொறுப்பு என் தலையில். என்னிடம் நான்கு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தால் கணுக்காலில் யாரோ குளிர்ந்த மூச்சு விடுகிறார்கள். இரண்டு, மேடைக்குப் பின்சுவர் மழைக்காலத்தில் அழுகிறது. மூன்று, உடைமாற்றும் அறையில் தலையில்லாத வெள்ளைக்காரி ஒருத்தி, அதாவது வெள்ளை உடுத்தியவள், நிற்கிறாள். நான்கு, பழைய பாடகர் மாடத்தில் ஒருத்தி முனகிப் பாடுகிறாள். இவளுக்கு 'மாடத்துக்காரி' என்று பெயர்.

அந்தக் கோயில் ஓகோவென்று நடந்தபோது நீ விவரம் தெரிந்த பெண். எனக்குக் கால்சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. இவற்றில் எது அந்தக் காலத்துச் சரக்கு, எது பிறகு சேர்ந்தது என்று எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிறது. அத்தான் செய்தித்தாளை நிறுத்திவிட்டார். இப்போது பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிறார், அழுத்தம் இன்னும் ஏறியிருக்கிறது. உன் முதுகுக்குக் கட்டிலை விட்டுத் தரையில் படு. பெண்டாட்டியிடம் கேட்டுச் செய்.

உன் பேய்களுக்கு வருவோம். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவளிடம் பேயைத் திருத்தக் கொடுத்தாயே, உன் தைரியத்தைப் பாராட்டுகிறேன்.

மூன்றாம் வரிசைக்குக் கீழே தரையில் ஓர் இரும்புச் சல்லடை இருக்கும், பார். அதன் அடியில் நிலவறை. நம் மலையூர்க் குளிருக்கு அங்கே கரி அடுப்பு எரியும், சூடு அந்த வழியாக மேலே வரும். பிரசங்கம் நீண்டால் அந்த வரிசைதான் முதலில் தூங்கும். அடுப்பு போய்விட்டது, ஓட்டை இருக்கிறது, குளிர் வருகிறது. மூடிவிடாதே, நாடகத்தின் போது ஒரு வரிசையாவது விழித்திருக்கட்டும்.

சுவர் அழுவதற்குக் காரணம் பின்பக்கத்து மழைநீர்க் குழாய். ஆயர் வருஷா வருஷம் மேலிடத்துக்கு மனு எழுதினார். மனு போன இடத்தில் யாரும் அழவில்லை. ஆகவே சுவர் அழுதது.

வெள்ளை உடுத்தியவள் பாடகர் குழுவின் அங்கி. உடைமாற்றும் அறைச் சுவரில் அதற்கென்று நீளமான ஆணிகள் அடித்திருந்தார்கள். இப்போது உங்கள் தையல்காரம்மா அதில் என்ன மாட்டுகிறாள் என்று பார். அங்கிக்குத் தலை கிடையாது. அதைப் போட்டவர்களில் சிலருக்கும் கிடையாது, ஆனாலும் நன்றாகப் பாடினார்கள்.

சனிக்கிழமைகளில் அப்பாவோடு போய் பெஞ்சுகளுக்கு மெழுகு தேய்ப்போமே, உனக்கு நினைவிருக்காது. உன்னை ஒரு துணியின் மேல் உட்கார வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தள்ளிவிடுவேன். நீ சறுக்கிக்கொண்டு போகிற வழியெல்லாம் பளபளக்கும். அந்தக் கோயிலின் பளபளப்பில் பாதி உன் கால்சட்டையின் உழைப்பு. மெழுகு வாசனை அடித்தால் எனக்கு இன்றைக்கும் சனிக்கிழமை மாதிரி இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

தரையில் படுத்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது; மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைத் தலைவரிடம் வாசித்துக் காட்டினேன். முகம் வாடிவிட்டது.

"உங்க அக்கா என்ன, வக்கீலா?"

"இல்லைங்க, கணக்கு டீச்சர்."

"அதான்" என்றார். பேய்ப் பக்கத்தில் முக்கால் பக்கம் காலி.

ஆனால் நான்கு கேள்விக்கு மூன்று விடைதான் எழுதியிருக்கிறாய். நான்காவதை, கடினமான கணக்கை விட்டுவிட்டுத் தாளை மடித்துக் கொடுக்கிற மாணவன் மாதிரி, சத்தமில்லாமல் விட்டிருக்கிறாய். கேட்டவருக்கு மறந்துவிடும் என்று நினைத்தாயா?

மாடத்துக்காரி சாதாரணப் பேய் இல்லை. அரங்கம் தொடங்கிய காலத்தில், சாயங்கால வேளைகளில், யாருமில்லாத மாடத்திலிருந்து ஒரு முனகல் கேட்குமாம். கொஞ்சம் கரகரத்த குரல். செத்த பிறகு தொண்டை கெடுவது இயல்புதானே என்று யாரும் சந்தேகப்படவில்லை. பத்து வருஷம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. நான் மேலாளராக வந்தபோது நின்று போயிருந்தது. ஆனால் மேடை ஆட்கள் அந்த மெட்டை மனப்பாடம் செய்துவிட்டார்கள். மாடத்தில்தான் விளக்குகள் இருக்கின்றன, ஏறாமல் முடியாது. ஏறும்போது அவள் பாட்டை முனகிக்கொண்டே ஏறினால், வருவது வேண்டப்பட்ட ஆள் என்று அவளுக்குத் தெரியுமாம், விளக்கு தலையில் விழாதாம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் தச்சர் இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார். சம்பளப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே பாட்டு ஏறிவிடும்.

பாட்டு என்று சொல்வதற்கும் ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் நிற்கிறது, ஒரு படி இறங்குகிறது, திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. பேய்க்குக் கற்பனை போதாது. எங்கள் புது இயக்குநர் மட்டும் "துக்கத்தோட ஒற்றைத் தன்மை சார் அது" என்கிறார். அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார், டீ ஆறிப்போனால்கூட.

நான் மட்டும் அந்த மாடத்துக்கு ஏறியதே இல்லை. அதற்குக் காரணம் நீதான். சின்ன வயசில் படிக்கட்டில் கால் வைத்தாலே சட்டையைப் பிடித்து இழுப்பாய். "மேலே போகாதே, அங்க ஒருத்தி பாடிக்கிட்டு இருக்கா. பசங்களக் கண்டா நிறுத்திடுவா. நிறுத்தினா கோபம் வரும்." ஆட்களிடம் முதுகுவலி என்று சொல்லிவைத்தேன். முதுகுவலி வந்தது அப்புறம்தான்.

இதை இப்போது கேட்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மாடத்தை இடித்துவிட்டுக் கூடுதல் இருக்கைகளும், கீழே ஓர் ஒளியமைப்பு அறையும் கட்டத் தலைவர் ஆசைப்படுகிறார். "ஆடுற பல்ல வச்சுக்கிட்டு ஏன் சார் அவஸ்தை" என்கிறார். பழையது எதைக் கண்டாலும் பிடுங்கச் சொல்வது அவர் தொழில் பழக்கம். ஜூன் கடைசிக்குள் மேலாளர் அறிக்கை தர வேண்டும். வேண்டாம் என்பதற்கு நல்ல காரணம் காட்டாவிட்டால் இடிப்பார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


மார்ச் 31

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். மருமகளுக்கு இருமல், மகனுக்கு வேலை, அத்தானுக்கு அபிப்பிராயம். இந்த மூன்றும் இங்கே குறைவதில்லை.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி. உன் சட்டையெல்லாம் கழுத்து நைந்து போயிருக்கும், போன முறை படத்தில் பார்த்தேன். நல்லதாக இரண்டு வாங்கிக்கொள்.

மாடத்தை இடிக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மரம் நல்ல மரம். இப்போது அப்படிக் கிடைக்காது. கைப்பிடியில் கரையான் ஏறியதில்லை. அத்தோடு, பேய் இல்லையென்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. நமக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் பயந்து மதிக்கிற இடத்தில் கை வைப்பது நல்லதில்லை. உங்கள் தலைவரிடம் இதைச் சொல்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

ஒத்தடம் கொடுத்தேன், நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு உறையைத் திருப்பி, அனுப்பியவர் முகவரி சரிதானா என்று பார்த்தேன்.

"நமக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது" என்று எழுதியது யார்? பிரசங்கத்தின் நடுவில் எழுந்து, ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு எவ்வளவு வரும் என்று ஆயரிடம் கேட்டவளா? மூன்று பேயை முதல் கடிதத்தில் கொன்றுவிட்டு நான்காவதற்கு மட்டும் காவல் நிற்கிறாய். கரையான் ஏறாததெல்லாம் ஒரு காரணமா? கரையான் என் மேலும்தான் ஏறவில்லை. தலைவர் என்னையும் வைத்துக்கொள்வாரா?

விளையாட்டு இருக்கட்டும். அறிக்கையில் மரம், கரையான் என்று எழுதினால் எடுபடாது. அந்த மாடத்தைப் பற்றி உனக்கு ஏதோ தெரியும். அம்மா அங்கேதானே பாடினாள்? நீ அம்மாவைப் பற்றி என்னிடம் அதிகம் பேசியதில்லை; நானும் கேட்டதில்லை. எனக்கு இரண்டு வயசில் போனவள். எனக்குத் தெரிந்த அம்மா, சுவரில் தொங்குகிற அந்தப் படம் மட்டும்தான். அதிலும் வெளிச்சம் அடித்து முகம் வெளுத்துவிட்டது. எங்கள் விளக்குக்காரர் பார்த்தால் படம் எடுத்தவனை வேலையை விட்டு அனுப்பச் சொல்வார்.

மாடத்துக்காரியின் பாட்டை எங்கள் கீபோர்டு வாசிப்பவரைக் கொண்டு சுரமாக எழுதி வாங்கி, இதோடு வைத்திருக்கிறேன். க க க க, ரி க, ரி க க, இப்படியே போகிறது. எழுதும்போது அவருக்கே கொட்டாவி வந்தது. பார்த்துவிட்டு ஏதாவது தெரிந்தால் எழுது.

உன் தம்பி


மே 22

அன்புள்ள அக்கா,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் அத்தானைப் பிடித்தேன். "நல்லாத்தான் இருக்கா. ரூம் கதவச் சாத்திக்கிட்டு என்னமோ பண்றா. கேட்டா முறைக்கிறா" என்றார். கோபமா? கரையானைப் பற்றிச் சொன்னதற்கா?

இங்கே ஆட்கள் வந்து மாடத்தை அளந்துவிட்டுப் போனார்கள். அளக்க ஏறியவனுக்குத் தச்சர் வாசலிலேயே பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். அவனும் முனகிக்கொண்டே ஏறி, முனகிக்கொண்டே இறங்கினான். இடிக்கப் போகிறவனுக்கும் இங்கே இதுதான் சட்டம்.

ஒரு வரியாவது போடு.

தம்பி


ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

கோபமில்லை. உடம்பும் நன்றாக இருக்கிறது. உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் ஒரு குறையும் இல்லையே?

நீ கேட்டதை எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

ஒரு பாட்டில் எல்லோரும் பாடுவது மெட்டு. அதற்குக் கீழே, அதை ஏந்திக்கொண்டு போகிற மாதிரி, இன்னொரு குரல் உண்டு. இரண்டாம் குரல் என்போம். தனியாகக் கேட்டால் அதில் ஒன்றும் இருக்காது. ஒரே இடத்தில் நிற்கும், ஒரு படி இறங்கும், திரும்ப வரும். நம் கோயிலின் சின்னக் குழுவில் இரண்டாம் குரல் அம்மா ஒருத்திதான். அப்பா அடிக்குரல். அவர் வேலை மணியடிப்பது, ஆர்கனுக்குத் துருத்தி மிதிப்பது, கதவைப் பூட்டுவது. துருத்தியை மிதித்துக்கொண்டே பாடுவார்.

அம்மா போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, குழு வழக்கம்போலப் பாடியது. "நல்லாத்தான் இருந்துச்சு, என்னமோ மெலிஞ்சாப்ல இருந்துச்சு" என்றார் ஆயர். எது குறைகிறதென்று அவருக்கும் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை. இரண்டாம் குரல் இருக்கும்போது யார் காதிலும் விழாது.

அப்பாவுக்குத் தெரிந்தது. அதன் பிறகு சாயங்காலம் கோயிலைப் பூட்டப் போனால் அவருக்கு நேரம் பிடித்தது. ஒரு கதவைப் பூட்ட இவ்வளவு நேரமா என்று ஒரு நாள் பின்னாலேயே போனேன். மாடத்தில், துருத்திப் பலகையின் மேல் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, அந்திப் பாட்டில் அம்மாவின் பங்கை முனகிக்கொண்டிருந்தார். அவர் குரலுக்கு எட்டாது. கீழே இறக்கிப் பாடினார். தப்பினால் நிறுத்துவார், திரும்ப ஆரம்பத்திலிருந்து. பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி. முகம் நனைந்திருந்தது. மெட்டை ஊரே பாடும், அது எங்கும் போகாது. இதை அவர் ஒருவர் மறந்துவிட்டால் அவ்வளவுதான்.

நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

உனக்கு அப்போது நடக்கத் தெரியும், ஏறத் தெரியும், வாயை மூடத் தெரியாது. அப்பாவைத் தேடிக்கொண்டு அந்தப் படிக்கட்டுக்குத்தான் ஓடுவாய். நீ மேலே போனால் "அப்பா ஏன் அழறே" என்று கேட்பாய். கேட்டதோடு நிற்காமல் தெருவுக்கே சொல்லுவாய். அவருக்கு அந்த வீட்டில் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறைகூடக் கிடையாது. எனக்குப் பதினோரு வயசு. வேறு யோசனை தோன்றவில்லை. மாடத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னேன். நீ உன் கூட்டாளிகளிடம் சொன்னாய், அவர்கள் ஊருக்குச் சொன்னார்கள். அதன் பிறகு சாயங்காலத்தில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு கோயிலை மூடி, நாடகக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். மணி ஒன்று, ஆர்கன் ஒன்று, வாயில்காப்பவர் ஒருவர் என்று அப்பாவையும் சேர்த்துத்தான். நீ அப்போது வெளியூரில் வேலைக்குப் போய்விட்டாய். அப்பா சாகும்வரை அந்த வாசலில் டிக்கெட் கிழித்தார். சாவியும் அவரிடம்தான் இருந்தது. உங்கள் ஆட்கள் பத்து வருஷம் எதைக் கேட்டார்கள், ஏன் அது நின்றது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மாதமாக ஏன் எழுதவில்லை என்றால், உன் சுரத்தை வைத்துக்கொண்டு பாடிப் பார்த்தேன். எனக்கு மறந்துவிட்டதடா. ஒரு வரி வருகிறது, அடுத்த வரியில் குரல் தன்னால் மெட்டுக்குப் போய்விடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்தது இதுதான். இது அதுவேதான் என்று நினைக்கிறேன். சத்தியம் செய்ய என் நினைவு போதாது. அந்திப் பாட்டின் மெட்டு உனக்குத் தெரியும். நீ அதைப் பாடு, அவர்களை இதை முனகச் சொல். பொருந்தினால் அது அம்மா.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதம் வந்து ஒரு வாரம் அரங்கத்துக்குப் போகவில்லை. முதுகுவலி என்று சொன்னேன்.

நேற்று ஒத்திகை தொடங்குவதற்கு முன் தச்சரையும் விளக்குக்காரரையும் தையல்காரம்மாவையும் கூப்பிட்டு, மாடத்துப் படிக்கட்டில் நிற்கச் சொன்னேன். "பாட்டை முனகுங்க, நான் கீழே நின்னு வேற ஒண்ணு பாடுவேன். நீங்க உங்க பாட்டை விட்டுடாதீங்க" என்றேன்.

தையல்காரம்மா விளக்குக்காரரிடம் மெதுவாக, "சாருக்கு ரிடையர்மென்ட் எப்போ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

தொடங்கினோம். என் குரலைப் பற்றி உனக்குத் தெரியும். குழுவில் சேர்க்காமல் என்னைக் காணிக்கைத் தட்டு ஏந்தச் சொன்னார்கள். முதல் வரியில் ஒன்றும் புரியவில்லை. தச்சர் நிறுத்திவிட்டார். "சார், நீங்க எங்க பாட்டக் கெடுக்கிறீங்க." மறுபடியும் ஆரம்பித்தோம். இரண்டாவது வரியில் நான் மேலே போகும்போது அவர்கள் அங்கேயே நின்றார்கள். நான் இறங்கும்போது அவர்கள் ஒரு படி இறங்கி இடம் விட்டார்கள். எங்கேயும் மோதவில்லை, அக்கா. நான் எங்கே தடுமாறுவேனோ அங்கேயெல்லாம் அது கீழே இருந்தது.

முடிந்ததும் விளக்குக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இத்தனை நாளும் பாதிப் பாட்டையா சார் பாடிட்டு இருந்தோம்?"

நான் வாயில் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒரு பெண்ணுக்குப் பயந்து சின்ன வயசு முழுக்க ஓடினேன், அது யார் என்று இப்போது தெரிகிறது. நின்று கேட்டிருந்தால் எனக்கு அவளிடமிருந்து ஏதாவது ஒன்று கிடைத்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல். தலைவர் ஒத்திகை பார்க்க வந்தவர், பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். மனிதருக்குக் காது நன்றாக இருக்கிறது. "இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு, இல்ல? சொல்லுங்க. உண்மைக் கதைன்னா மாடத்தை இடிக்க வேண்டாம். நினைவிடமா வச்சுக்கலாம். மலர்ல நாலு பக்கம் போடலாம்" என்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மாடம் நிற்கும். சொல்லட்டுமா?

உன் தம்பி


ஜூன் 24

அன்புத் தம்பிக்கு,

நலமே. சொல். அப்பா போய் முப்பது வருஷமாகிறது. வெட்கப்படுவதற்கு அவருக்கு இனி நேரமில்லை. மாடம் இருக்கட்டும். ஒரு முறை வந்து அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

பொருந்தியது என்று படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்கா,

உங்கள் எல்லோருடைய நலத்தையும் விசாரித்துவிட்டுத் தொடங்குகிறேன். படித்து முடித்த பிறகு என் நலத்தை நீ விசாரிப்பாயா என்று தெரியாது.

நான் சொல்லவில்லை.

சொல்லத்தான் போனேன். தலைவர் தன் ஆஸ்பத்திரியில், ஒருவர் வாயில் கை வைத்துக்கொண்டே, மலரின் மாதிரிப் பக்கத்தைக் காட்டினார். யாருடைய படத்துக்கோ கட்டம் போட்டு இடம் விட்டிருந்தது. மேலே 'மாடத்தில் அழுத மனிதர்' என்று தலைப்பு. கதை தெரியாமலே தலைப்பு வைத்துவிட்டார், அதுவும் சரியாக. எதிர்ப்பக்கத்தில் பற்பசை விளம்பரம். திறப்பு நாளிலிருந்து பார்வையாளர்களைப் பத்துப் பத்துப் பேராக மாடத்துக்கு அனுப்பலாம், கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கலாம், ஒலிப்பதிவு ஓடும் என்றார்.

அப்பா ஒருவர் மட்டும் போய் வருவதற்காக நீ ஒரு பேயையே ஏற்பாடு செய்தாய். அங்கே நான் வரிசை ஏற்பாடு செய்ய முடியாது.

"கதை ஒண்ணும் இல்லைங்க. பேய்தான்" என்றேன்.

"அப்போ இடிச்சிடலாமா?"

"இடிச்சிடலாங்க."

வாயைத் திறந்துகொண்டிருந்தவரும் தலையாட்டினார். அவர் எதற்கு ஆட்டினாரோ.

இடிப்பதற்கு முதல் நாள் மத்தியானம், எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டு நான் ஏறினேன். முனகிக்கொண்டேதான். துருத்திப் பலகையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஒரு சின்ன ஜன்னல் வழியாக நம் வீட்டின் பின்வாசல் தெரிகிறது, நாம் விளையாடிய இடம். இது உனக்குத் தெரியுமா? கீழே யாரோ வந்து "சார்" என்று கூப்பிட்டார்கள். நான் முனகலை நிறுத்தவில்லை. கூப்பிட்டவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது மாடம் இல்லை. விளக்குகளுக்கு இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். அதில் ஏறும்போதும் ஆட்கள் முனகுகிறார்கள். "வீடு மாறினா அவளும் கூடத்தானே வருவா" என்கிறார் தச்சர். அதோடு புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. மேலே ஒருவர் முனகினால் கீழே ஒருவர் மெட்டைப் பாட வேண்டுமாம். இல்லாவிட்டால் விளக்கு விழுமாம். நான் ஒரு தடவை பாடினேன் அல்லவா, அவள் இனிமேல் எதிர்பார்ப்பாள் என்கிறார்கள். தினமும் ஒத்திகைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் கீழே நிறுத்திவிடுகிறார்கள்.

கைப்பிடியை நீ தொடுவதற்கு இல்லாமல் செய்துவிட்டேன். திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

தம்பி


செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உன் நலம்தான் முதலில். முதுகு எப்படி? தினமும் நின்று பாடுகிறாயே, கால் வலிக்கவில்லையா?

திட்டித்தான் எழுதினேன். மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் நன்றாக வந்திருந்தன. ஒவ்வொன்றையும் மடிக்கும்போது அந்தப் பற்பசை விளம்பரம் நினைவுக்கு வந்தது. கிழித்துவிட்டேன். எனக்குக் கைப்பிடி வேண்டியிருந்தது, அதற்காக அப்பாவை விற்கச் சொன்னேன். நீ விற்கவில்லை. பின்வாசல் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் படிக்கட்டோடு நின்றுவிட்டேன்.

நேற்றுக் காலையில் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மருமகள் அடுப்பைக் குறைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்ன அத்தை அது? ரொம்ப நேரமா ஒரே இடத்துல நிக்குதே."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. நிறுத்தினால் போய்விடுமோ என்று பயந்து, கத்தியைக் கீழே வைக்காமல் கடைசி வரி வரைக்கும் போனேன். மெட்டுக்குத் தாவவில்லை. முழுசாக வந்தது.

"பாட்டும்மா" என்றேன்.

"பாட்டா? மெட்டே காணோமே."

"மெட்டு என் தம்பிகிட்ட இருக்கு."

"அப்ப போய் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அத்தான் வரவில்லை, அவர் அபிப்பிராயங்களோடு இங்கேயே இருப்பார். ஸ்டேஷனுக்கு வந்துவிடு. அதுவரை குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, தொண்டை கட்டும்.

அக்கா